நிரலைக் கொடுப்பவர் அதற்கு வேண்டிய ரன்டைம் கோப்புகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி சர்வீஸ் தொழில் செய்துவருகிறேன். அத்துடன் சுற்றுவட்டாரக் கடைகளுக்கு பில் போடவும் சரக்கு இருப்பு பார்க்கவும் சிறு நிரல்களை எழுதிக் கொடுக்கிறேன். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்ததை ஒட்டி, எம்.சி. ரோடு துணிக்கடைகளிலிருந்து மண்ணடி இரும்புக் கடைகள் வரை பலரும் பழைய கணினியை ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்கிவருகிறார்கள். பழையதில் ஆண்டுக்கணக்கில் தடையின்றி ஓடிய நிரலைப் பென் டிரைவில் எடுத்துவந்து புதியதில் போட்டுத் திறந்தால், நிரல் வருவதில்லை. ஒரு சிறிய பெட்டிதான் வருகிறது. விசிரன்டைம்140.டிஎல்எல் என்ற கோப்பைக் காணவில்லை, ஆகவே தொடர முடியாது, நிரலை மீண்டும் நிறுவினால் ஒருவேளை சரியாகலாம் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. இந்தப் பெட்டியால் வியாபாரிகளும் மாணவர்களும் படும் அல்லலையும், அதில் என்னைப் போல நிரல் எழுதுகிறவர்களுக்கு உள்ள பொறுப்பையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் சொந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன். 2025 தீபாவளிக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது, எம்.சி. ரோட்டில் நான் நிரல் எழுதிக் கொடுத்திருந்த மொத்தத் துணிக்கடை ஒன்றிலிருந்து காலை பத்து மணிக்கு போன் வந்தது. கல்லாவில் இருக்கும் பையன், திரையில் உள்ளதை எழுத்தெழுத்தாக வாசித்தான்: "அண்ணா, வி, சி, ஆர், யு, என்... கடைசியில 140ன்னு இருக்கு, இது என்னண்ணா?" நான் வேறொரு கடையில் பிரிண்டருக்குள் கையை விட்டுக்கொண்டிருந்ததால், ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று சொன்னேன். நான் போய்ச் சேர்ந்தபோது நெல்லூரிலிருந்து வந்திருந்த வியாபாரிகள் கட்டி வைத்த பேல்களின் மேலேயே உட்கார்ந்து பில்லுக்காகக் காத்திருந்தார்கள். முதலாளி கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார். பையனோ தன்னால் ஆன உதவியாக, இணையத்தில் அந்தக் கோப்பின் பெயரைத் தேடி, இலவசமாகத் தருவதாகச் சொன்ன ஏதோ ஒரு தளத்திலிருந்து அதை இறக்கி, சிஸ்டம்32 என்ற கோப்புறையில் போட்டு வைத்திருந்தான். கோப்பைக் காணவில்லை என்ற பெட்டி போய்விடவில்லை. கூடவே பிரவுசரைத் திறந்தாலே வேண்டாத விளம்பரப் பக்கங்கள் வரிசையாக வரத் தொடங்கியிருந்தன.

மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற, அந்தக் கோப்பும் அதைச் சேர்ந்தவையும் அடங்கிய தொகுப்பில் 32 பிட் கணினிநிரல்களுக்கான எக்ஸ்86 வகையை இறக்கி நிறுவினேன். இரண்டு நிமிடத்தில் நிரல் திறந்தது. விளம்பரங்களைத் துடைத்தெடுக்கத்தான் அன்று மாலை வரை ஆனது. அந்தப் பையன் மீது யாரும் கோபப்பட நியாயமில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த நிரலை நான் கொடுத்தபோதே அந்தத் தொகுப்பைச் சேர்த்துக் கொடுத்திருந்தால் அவன் எங்கும் தேடிப் போயிருக்க வேண்டியதில்லை. அப்போது ஏன் கொடுக்கவில்லை என்றால், அது இல்லாமலேயே அந்தக் கடையின் பழைய கணினியில் நிரல் ஓடியது. ஓடியதற்குக் காரணம், வேறு ஏதோ ஒரு நிரல் அதற்கு முன்பே அந்தக் கோப்புகளை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தது. அந்த உண்மையை நான் அன்று விசாரித்துப் பார்க்கவில்லை.

இந்தக் கோப்பு எது, ஏன் தனியாக இருக்கிறது என்பதைத் தொழில்நுட்பம் படிக்காத வாசகர்களுக்கும் விளங்கும்படி சொல்லிவிட முயல்கிறேன். சி++ மொழியில் ஒரு நிரலை எழுதும்போது, எழுத்துகளைக் கையாளுதல், கோப்பைத் திறத்தல், நினைவகத்தில் இடம் கேட்டுப் பெறுதல், தவறு நேர்ந்தால் அதைப் பிடித்து நிறுத்துதல் போன்ற எல்லா நிரல்களுக்கும் பொதுவான வேலைகளை நாங்கள் ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. அவற்றைச் செய்யும் கட்டளைகள் ஆயத்தமாக டிஎல்எல் எனப்படும் தனிக் கோப்புகளில் இருக்கின்றன. ரன்டைம் லைப்ரரி என்ற பெயர் அவற்றுக்குத்தான். நிரல் திறக்கும் கணத்தில் விண்டோஸ் அந்தக் கோப்புகளைத் தேடி எடுத்து நிரலோடு இணைக்கிறது. ஒன்று குறைந்தாலும் நிரலின் முதல் வரிகூட ஓடாது. ஒரே கோப்பைப் பல நிரல்கள் பகிர்ந்துகொள்வதால் இடம் மிச்சமாகிறது. அதில் பாதுகாப்புக் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்த ஒரு கோப்பைப் புதுப்பித்தாலே அதைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களும் காப்பாற்றப்படுகின்றன. ஆகவே இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வதற்கில்லை.

யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்தில் தமிழில் தட்டச்சு செய்தவர்களுக்கு இது புதிய அனுபவம் அன்று. டிடிபி கடையில் அழகாக அச்சுக்கோத்த கல்யாணப் பத்திரிகையை வேறொரு கடையில் கொண்டுபோய்த் திறந்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லாத காரணத்தால் திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பத்திரிகையில் பிழை எதுவும் இருக்காது. அதைப் படிக்க வேண்டிய எழுத்துருவைக் கூடவே அனுப்பாததுதான் பிழை. அனுபவப்பட்டவர்கள் கோப்போடு எழுத்துருவையும் அதே ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். நிரல் விஷயத்திலும் செய்ய வேண்டியது அதுவே.

நிரல் எழுதுகிறவரின் கணினியில் இந்தப் பிழை தெரியாமல் போவதற்குக் காரணம், அவர் நிரல் எழுதப் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டூடியோவே இந்தக் கோப்புகள் அனைத்தையும் அவருடைய கணினியில் வைத்துவிடுகிறது என்பதுதான். "என் சிஸ்டத்தில் ஓடுகிறதே" என்று அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அவருடைய கணினி ஒன்றுதான் இந்தச் சோதனைக்கு உதவாத கணினி. விஷுவல் ஸ்டூடியோவின் ஒவ்வொரு தலைமுறைக்கும் தனித்தனி ரன்டைம் உண்டு: 2008ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 90 என்ற எண்ணும், 2010க்கு 100, 2012க்கு 110, 2013க்கு 120 என்ற எண்களும் கோப்பின் பெயரில் இருக்கும். 2015, 2017, 2019, 2022 ஆகிய நான்கு பதிப்புகளும் 140 என்ற ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. இவற்றுக்கு மட்டும் ஒரே தொகுப்பு போதும். 120 என்ற எண்ணைக் கேட்கும் பழைய நிரலுக்கு 140 தொகுப்பை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. 2013க்கான தொகுப்பைத்தான் தனியாக நிறுவ வேண்டும்.

இங்கே கடைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணினியில் நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலைத் திறந்தால் மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ என்ற பெயரில் வெவ்வேறு ஆண்டுகளோடு எட்டு, பத்து வரிகள் இருக்கும். ஒன்றே பல முறை பதிவாகிவிட்டது என்று எண்ணி, இடம் மிச்சம் பிடிக்க அவற்றை நீக்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் பலர். அவை ஒன்றல்ல, ஒவ்வொன்றையும் நம்பி ஏதோ ஒரு நிரல் இருக்கலாம். தயவுசெய்து அவற்றில் கை வைக்காதீர்கள்.

நிரலும் விண்டோஸும் 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையில் வருகின்றன; இந்த வேறுபாடுதான் அதிகமானோரை ஏமாற்றுகிறது. "என் கணினி 64 பிட், ஆகவே 64 பிட் தொகுப்பைப் போட்டேன், அப்படியும் ஓடவில்லை" என்கிறார்கள். பார்க்க வேண்டியது கணினி அன்று, நிரல். 32 பிட்டாக எழுதப்பட்ட நிரல் 64 பிட் விண்டோஸில் ஓடினாலும் அதற்கு 32 பிட் ரன்டைம்தான் வேண்டும். இதில் பெயர்களும் குழப்புகின்றன: சிஸ்டம்32 என்று பெயருள்ள கோப்புறையில் 64 பிட் கோப்புகள் இருக்கின்றன, சிஸ்வாவ்64 என்று பெயருள்ளதில் 32 பிட் கோப்புகள் இருக்கின்றன. பெயரை நம்பிக் கோப்பைக் கையால் போடுகிறவர் தவறான இடத்தில்தான் போடுவார். எம்.சி. ரோட்டுப் பையன் இறக்கிய 32 பிட் கோப்பு சிஸ்டம்32இல் கிடந்ததால் என் நிரலின் கண்ணில் படவே இல்லை. 64 பிட் கோப்பை இறக்கி நிரலின் பக்கத்திலேயே வைத்திருந்தால், நிரல் சரியாகத் தொடங்க முடியவில்லை என்று சொல்லி, பூஜ்யம், எக்ஸ், சி என்று தொடங்கி 7பி என்று முடியும் ஓர் எண்ணைக் காட்டியிருக்கும். அந்த எண்ணைக் கண்டால் கோப்பு இருக்கிறது, வகை மாறியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சந்தேகம் இருப்பவர் எக்ஸ்86, எக்ஸ்64 என்ற இரண்டு தொகுப்புகளையும் நிறுவிவிடலாம்; ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாது.

கோப்பு இருந்தும் அதன் பதிப்பு பழையதாக இருப்பது இன்னும் கடினமான சங்கடம். 140 என்ற எண் மாறாமலே இருந்தாலும் உள்ளே இருப்பது காலந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. புதிய கருவியால் ஆக்கிய நிரல் பழைய ரன்டைமோடு ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை. 2024இல் வந்த விஷுவல் ஸ்டூடியோ 2022இன் 17.10 பதிப்பில், பல வேலைகள் ஒரே நேரத்தில் மோதாமல் காக்கும் பூட்டு ஒன்றின் அமைப்பை மாற்றினார்கள். அந்தப் பதிப்பால் ஆக்கிய நிரல்கள், எம்எஸ்விசிபி140.டிஎல்எல் என்ற ரன்டைம் கோப்பின் பழைய பதிப்பு இருந்த கணினிகளில் எந்தப் பெட்டியும் காட்டாமல் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. கோப்பைக் காணவில்லை என்றாவது சொன்னால் தேடலாம். ஒன்றுமே சொல்லாமல் மறைந்தால் கடைக்காரர் எதைத் தேடுவார்? நிரலோடு ரன்டைம் தொகுப்பின் புதிய பதிப்பையும் சேர்த்துக் கொடுத்து, நிறுவும்போதே அதையும் ஓடவிட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது.

மாணவர்களின் நிலை வேறு. கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த ஒரு மாணவி, இறுதியாண்டு புராஜெக்டாக ரேஷன் கடை இருப்புக் கணக்கை நிர்வகிக்கும் நிரல் ஒன்றை எழுதியிருந்தார். வீட்டில் நன்றாக ஓடியது. கல்லூரி ஆய்வகத்தில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னிலையில் ஓடவில்லை. "எழுதியது நீங்கள்தானா?" என்று தேர்வாளர் கேட்டாராம். அந்த மாணவி என் கடைக்குப் பென் டிரைவோடு வந்து அந்தப் பெட்டியைக் காட்டியபோது, அதில் கேட்கப்பட்டது எம்எஸ்விசிபி140 அன்று, எம்எஸ்விசிபி140டி. எண்ணுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றை 'டி' எழுத்துதான் விஷயம் முழுவதும். பிழை தேடுவதற்காக ஆக்கப்படும் டீபக் வடிவத்தை அவர் அப்படியே எடுத்துச் சென்றிருக்கிறார். டீபக் ரன்டைம் கோப்புகள் விஷுவல் ஸ்டூடியோ உள்ள கணினிகளில் மட்டுமே இருக்கும். அவற்றைப் பிறருக்கு வழங்க மைக்ரோசாஃப்ட்டின் உரிமமும் இடம் தருவதில்லை. எந்த ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பிலும் அவை கிடைக்கா. விஷுவல் ஸ்டூடியோவின் மேல் வரிசையில் டீபக் என்று இருப்பதை ரிலீஸ் என்று மாற்றி மறுபடி ஆக்கினோம். அந்த ஒரு மாற்றத்தை நான்கு ஆண்டுகளில் யாரும் அவருக்குக் காட்டியிருக்கவில்லை. மறுதேர்வுக்கு அனுமதி வாங்க அவர் அலைந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அதே போல, கோட்பிளாக்ஸ் போன்ற இலவசக் கருவிகளோடு வரும் மிங்ஜிடபிள்யூ தொகுப்பியை (எழுதிய வரிகளை ஓடும் நிரலாக மாற்றும் கருவியை) பயன்படுத்தும் மாணவர்களின் நிரல்கள் லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ என்று தொடங்கும் கோப்புகளைக் கேட்கும். அவற்றுக்கு மைக்ரோசாஃப்ட்டின் தொகுப்பு உதவாது. இணைக்கும்போது ஸ்டேட்டிக் என்ற கட்டளைச் சொல்லைச் சேர்த்தால் அவை நிரலுக்குள்ளேயே அடங்கிவிடும். பயிற்சி நிரல்களுக்கு அதுவே எளிது. ஆசிரியர்கள் இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் போதும்.

திருவொற்றியூரில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய எடைமேடை ஒன்றில், லாரியின் எடையைக் கருவியிலிருந்து வாங்கிச் சீட்டு அடிக்கும் நிரல் விஷுவல் பேசிக் 6இல் எழுதப்பட்டது. அந்த மொழியின் அந்தப் பதிப்பு 1998இல் வந்தது. அதில் எழுதிய நிரல்கள் இன்றும் வட சென்னையில் சம்பளம் போடுகின்றன, ஐஸ் பிளாண்டில் கணக்கு எழுதுகின்றன, எடைமேடையில் சீட்டு அடிக்கின்றன. அதன் முதன்மை ரன்டைம் கோப்பு விண்டோஸோடே வருகிறது. ஆனால் சீரியல் போர்ட் வழியாகக் கருவியோடு பேசும் எம்எஸ்காம்32.ஓசிஎக்ஸ் என்ற கோப்பு விண்டோஸோடு வருவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் அறைக்குள் புகுந்து கணினி பழுதானபின், புதிய கணினியில் நிரலை மட்டும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கோப்பு இல்லாததால் எடை வரவில்லை. கப்பலில் ஏற்றும் கன்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்துத் தெரிவித்தாக வேண்டும் என்ற சர்வதேச விதி 2016 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பதால், சீட்டு இல்லாமல் டிரெய்லர் நகர முடியாது. நிரலை எழுதியவர் ஊரில் இல்லை. அவர் கொடுத்த சிடியில் வேண்டிய எல்லாவற்றையும் நிறுவித் தரும் செட்டப் கோப்பு இல்லை, நிரல் கோப்பு ஒன்றுதான் இருந்தது. கரண்ட் வந்து போய்க்கொண்டிருந்த அந்த அறையில், தண்ணீரில் ஊறிய பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, துடைத்து, என் லேப்டாப்பில் இணைத்து, அதிலிருந்து அந்த ஒற்றைக் கோப்பை மீட்டேன். சிஸ்வாவ்64 கோப்புறையில் வைத்து, நிர்வாகி உரிமையோடு விண்டோஸின் ரெக்எஸ்விஆர்32 கருவியைக் கொண்டு பதிவு செய்த பிறகே எடை திரைக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க்கும் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே டிரைவர்கள் முந்தின நாள் இரவிலிருந்து வண்டியிலேயே இருந்தார்கள்.

இனி, நிரல் எழுதுவோர் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். வழிகள் மூன்று உண்டு என்றாலும் அவை சம அளவில் நல்லவை அல்ல. ரன்டைம் தொகுப்பை நம் செட்டப்புக்குள் சேர்த்துவிடுவதே சிறந்தது என்பது என் கருத்து. இன்னோ செட்டப் போன்ற இலவசக் கருவியால் இதை அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். செட்டப் ஓடும்போது, பயனருக்கு எந்தக் கேள்வியும் எழுப்பாமல் அமைதியாக நிறுவும்படி மைக்ரோசாஃப்ட்டின் தொகுப்புக்குக் கட்டளை கொடுக்க முடியும். தொகுப்பின் எடை 25 எம்பி அளவில்தான். பிறருக்கு வழங்க அனுமதியும் உண்டு, கட்டணமும் இல்லை. செட்டப் ஓடும்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளட்டும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். எங்கள் பகுதியில் கல்லாக் கணினியை வேண்டுமென்றே இணையத்தோடு இணைக்காமல் வைத்திருக்கும் கடைகள் ஏராளம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். தொகுப்பு செட்டப்பின் உள்ளேயே இருக்கட்டும்.

கோப்புகளை நிரலின் கோப்புறையிலேயே பக்கத்தில் வைப்பது இரண்டாவது வழி. விண்டோஸ் எந்த டிஎல்எல்லையும் பொதுவாக முதலில் நிரல் இருக்கும் கோப்புறையில்தான் தேடுகிறது என்பதால் இது வேலை செய்யும். நிர்வாகி உரிமை இல்லாத அலுவலகக் கணினிகளுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அப்படி வைத்த கோப்புகள் விண்டோஸ் அப்டேட்டால் புதுப்பிக்கப்படுவதில்லை. அவற்றைப் புதுப்பிக்கும் கடமை நிரல் கொடுத்தவருடையது. மூன்றாவது, ரன்டைமை நிரலுக்குள்ளேயே சேர்த்து ஆக்கிவிடுவது. புராஜெக்ட் அமைப்பில், கோட் ஜெனரேஷன் பக்கத்தில், ரன்டைம் லைப்ரரி என்ற இடத்தில் மல்டி திரெடட் டிஎல்எல் என்று இருப்பதை மல்டி திரெடட் என்று மாற்றினால் முடிந்தது. ஒரே கோப்பாகக் கொடுக்கும் சிறு நிரலுக்கு இது பொருந்தும். பல டிஎல்எல்களைக் கொண்ட பெரிய நிரலில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு ரன்டைமை வைத்துக்கொள்ளும். ஒன்றில் ஒதுக்கிய நினைவகத்தை மற்றொன்று விடுவிக்கப் போய், நிரல் நடுவழியில் விழக்கூடும். அதை எச்சரிக்கையின்றி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியாக இருந்தாலும், கொடுப்பதற்கு முன் ஒரு வெறும் கணினியில் சோதித்துப் பார்த்துவிட வேண்டும். தனிக் கணினி வாங்க வசதியில்லை என்பது காரணமாகாது: விண்டோஸ் புரோ பதிப்பில் சேண்ட்பாக்ஸ் என்ற வசதி இருக்கிறது; அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எதுவும் நிறுவப்படாத புத்தம்புது விண்டோஸ் ஒரு ஜன்னலுக்குள் வரும், மூடினால் சுவடின்றி மறையும். விஷுவல் ஸ்டூடியோவோடு வரும் டம்ப்பின் கருவியிடம் கேட்டால், நம் நிரல் எந்தெந்தக் கோப்புகளை நம்பியிருக்கிறது என்ற பட்டியலையும் தந்துவிடும். நான் இப்போது ஒவ்வொரு நிரலுக்கும் அந்தப் பட்டியலை அச்சிட்டு, பில் நகலோடு வாடிக்கையாளருக்கே கொடுத்துவிடுகிறேன். நான் இல்லாத நாளில் வேறொரு சர்வீஸ்காரர் வந்தாலும் அவருக்கு அது உதவும்.

பழைய விண்டோஸ் 7 கணினிகள் இன்னும் ஓடும் இடங்களில், ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்கும் நீண்ட பெயர் கொண்ட கோப்பைக் காணவில்லை என்று வரும். ரன்டைமின் ஒரு பகுதி விண்டோஸ் 10இலிருந்து விண்டோஸின் அங்கமாகவே ஆகிவிட்டது. விண்டோஸ் 7இல் அதைக் கேபி2999226 என்ற அப்டேட்டாக நிறுவ வேண்டும், அதற்கும் முன்னால் சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும். அந்தக் கணினிகளுக்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2020 ஜனவரி 14இலேயே பொதுவாக நின்றுவிட்டதால், மாற்றிவிடுவதே நல்லது என்பதற்கு மேல் இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நிரல் வாங்கும் வியாபாரிகளிடம் என் வேண்டுகோள், பணத்தின் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் செட்டப் கோப்பைக் கேட்டு வாங்கி, கடையில் உள்ள இன்னொரு கணினியில் அதை நிறுவிக் காட்டச் சொல்லுங்கள். ஓடினால் பணம் கொடுங்கள். செட்டப் இருக்கும் பென் டிரைவை கல்லாவில் சாவியோடு வைத்துப் பூட்டுங்கள்; தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவர்கள் ஒரு பிரதியை வீட்டு மாடியிலும் வையுங்கள்.

தங்கள் நாளிதழிலும் பிற இதழ்களிலும் வரும் கணினிக் கேள்வி பதில் பகுதிகளில், டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்ற கேள்விக்கு, கோப்பைத் தேடி இறக்கி சிஸ்டம்32இல் போடுங்கள் என்ற பதில் அவ்வப்போது அச்சாகிறது. நல்லெண்ணத்தோடு எழுதப்படும் அந்தப் பதிலால் விளையும் கேட்டை நான் கடை கடையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனி டிஎல்எல்களை வழங்கும் தளங்களிலிருந்து வரும் கோப்பு எந்தப் பதிப்பு, யார் தொட்டது என்று எவராலும் சொல்ல முடியாது. அதை நம் ஜிஎஸ்டி கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கும் கணினியில் கொண்டுவந்து வைக்கிறோம். இனி அந்தக் கேள்வி வரும்போது, முதலில் நிரலைக் கொடுத்தவரைக் கேளுங்கள், அவர் கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை முழுமையாக நிறுவுங்கள் என்ற பதிலையே அச்சிடுமாறு தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தீபாவளிக்குப் பிறகு, நான் நிரல் எழுதிக் கொடுத்த கடைகளின் பெயர்களைப் பழைய பில் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதினேன். ஒவ்வொரு கடையாகச் சென்று, ரன்டைம் தொகுப்போடு சேர்த்து ஆக்கிய புதிய செட்டப்பைக் கொடுத்து, அவர்கள் கண்முன்னே இன்னொரு கணினியில் நிறுவிக் காட்டி வருகிறேன். இதற்குப் பணம் வாங்குவதில்லை. தங்கசாலையில் ஒரு பாத்திரக் கடையும் காசிமேட்டில் இரண்டு மீன் ஏலக் கணக்கர்களும் பாக்கி இருக்கிறார்கள். கடை மாறிப் போனவர்கள் எவரேனும் இதைப் படித்தால், நான் கொடுத்த பழைய சிடியோடு வரட்டும், மாற்றிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கணினி சர்வீஸ் தொழிலாளி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 600 021